வாசகர் கேள்வி-பதில்: கண் ஓடுகிறது, மனசு பின்தங்குகிறது

வேகமாகப் படிப்பது எப்படி, படித்தது மனதில் நிற்பது எப்படி என்று பெங்களூரு வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில்.

கே.ஆர்.புரத்திலிருந்து தினமும் மெட்ரோவில் எம்.ஜி. ரோடு போகிறேன். அந்த நேரத்தில் படிக்கலாம் என்று ஒரு வேக வாசிப்பு ஆப் போட்டேன். சொற்கள் ஒவ்வொன்றாகத் திரையில் மின்னி மறையும். நிமிடத்துக்கு 600 சொல் வரை ஏற்றிவிட்டேன். ஆனால் ரயிலை விட்டு இறங்கி நடக்கும்போது என்ன படித்தேன் என்று யோசித்தால் ஒன்றும் வரவில்லை. என் கண்ணில் குறையா, பயிற்சி போதவில்லையா?
– மென்பொருள் ஊழியர், கே.ஆர்.புரம்

குறை உங்கள் கண்ணில் இல்லை, அந்த 600 என்ற எண்ணில் இருக்கிறது.

படிக்கும்போது கண் வரியின்மேல் வழுக்கிக்கொண்டு போவதில்லை, தத்தித் தத்திப் போகிறது. ஓரிடத்தில் உட்கார்ந்து ஏறக்குறைய கால் நொடி நிற்கும், பிறகு அடுத்த இடத்துக்குத் தாவும். தாவும்போது எதுவும் தெளிவாகத் தெரியாது. நிற்கும்போது மட்டும்தான் படிக்கிறோம். பிரெஞ்சுக் கண் மருத்துவர் எமில் ழவாலின் பெயரோடு 1879-லிருந்து பேசப்படும் விஷயம் இது. ஆங்கிலத்தில் ஒரு தாவல் சராசரியாக 7, 8 எழுத்து. நொடிக்கு நான்கு தாவல் என்று வைத்தால் 30 எழுத்து, அதாவது சுமார் ஐந்து சொல், நிமிடத்துக்கு 300. தாவல்களில் பத்துக்கு ஒன்றாவது பின்னோக்கிப் போகும். அதையும் கழித்தால் 250-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். பெல்ஜிய உளவியலாளர் மார்க் பிரைஸ்பார்ட் 2019-ல் ஏராளமான ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார். பெரியவர்கள் ஆங்கிலக் கட்டுரைகளை மௌனமாகப் படிக்கும் சராசரி வேகம் நிமிடத்துக்கு 238 சொல், கதை என்றால் 260 என்று வந்தது. நம் கணக்கும் அவர் கணக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஒரு பார்வையில் ஒரு வரியையே வாங்கிக்கொள்ளலாம் என்று விளம்பரம் செய்கிறார்கள். அது நடக்காது. ஆங்கிலம் படிக்கும் கண்ணுக்கு, நிற்கும் புள்ளிக்கு இடப்பக்கம் 3, 4 எழுத்தும் வலப்பக்கம் 14, 15 எழுத்தும் வரைதான் பயன்படும் தகவல் கிடைக்கிறது. அதிலும் இன்ன எழுத்து என்று தெளிவாகத் தெரிவது பாதிதான். விழித்திரையின் நடுவில் இருக்கும் சின்னப் பகுதிக்கு மட்டுமே அவ்வளவு கூர்மை. பயிற்சியால் அதை அகலப்படுத்த முடியாது.

உங்கள் ஆப் செய்யும் பெரிய கெடுதல் வேறு. அது பின்னால் திரும்பிப் பார்க்கும் வாய்ப்பைப் பறித்துவிடுகிறது. திரும்பிப் பார்ப்பதைக் கெட்ட பழக்கம் என்று வேக வாசிப்பு வகுப்புகளில் சொல்வார்கள். உண்மையில் அது வாசிப்பின் பிழைதிருத்தம். ஒரு வாக்கியத்தைத் தவறாகப் பிரித்துப் படித்துவிட்டோம் என்று மூளைக்குத் தட்டுப்படும்போதுதான் கண் பின்னால் போகிறது. 2014-ல் உளவியலாளர் எலிசபெத் ஷாட்டரின் குழு நடத்திய சோதனையில், கண் கடந்த சொற்களை உடனுக்குடன் மறைத்துவிட்டார்கள். புரிதல் விழுந்தது. மனதுக்குள் உச்சரிப்பதை நிறுத்துங்கள் என்ற அறிவுரையும் இதே ரகம். கடினமான வாக்கியத்தின் முன்பாதியை, பின்பாதி வரும்வரை பிடித்து வைத்திருப்பது அந்த உள்குரல்தான். அதை அடக்கினால் எளிய வாக்கியங்கள் தப்பிக்கும், சிக்கலானவை கைநழுவும்.

அப்படியென்றால் வேகத்தைக் கூட்டவே முடியாதா? முடியும். 150-இல் இருப்பவர் 220, 250-க்கு வருவது சாதாரணமாக நடக்கிறது. அதற்குமேல் புரிதலையும் வைத்துக்கொண்டு இரட்டிப்பாக்குகிறேன் என்பதுதான் நம்பத் தகாதது. முதலில் இப்போதைய வேகத்தை நேர்மையாக அளந்துகொள்ளுங்கள்.

இதுவரை படிக்காத ஒரு கட்டுரைப் புத்தகம் எடுங்கள். கவிதையோ உரையாடல் நிறைந்த கதையோ வேண்டாம். ஐந்து முழு வரிகளில் உள்ள சொற்களை எண்ணி ஐந்தால் வகுத்தால் ஒரு வரியின் சராசரி கிடைக்கும். போனில் 5 நிமிடம் டைமர் வைத்து வழக்கம்போலப் படியுங்கள். மணி அடித்ததும் பென்சிலால் குறியிட்டுப் புத்தகத்தை மூடுங்கள். வரிக்கு 12 சொல், 84 வரி படித்திருந்தால் 1008 சொல், அதாவது நிமிடத்துக்கு 200 சொச்சம். இதோடு நிறுத்திவிட்டால் கணக்குத் தவறு. அதே பக்கங்களிலிருந்து வேறொருவர் பத்துக் கேள்வி கேட்கட்டும். ஆள் இல்லையென்றால், படித்ததை மூன்று நிமிடத்தில் எழுதி, மூலத்தோடு ஒத்துப் பாருங்கள். ஏழு கேள்விக்குக் குறைவாகச் சரியாகச் சொன்னால் அந்த 200 செல்லாது. மூன்று வெவ்வேறு நாள் அளந்து, நடு எண்ணை வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்ப் புத்தகத்தில் அளப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ‘வரமுடியாதவர்களுக்காகத்தான்’ என்பது நமக்கு ஒரு சொல். ஆங்கிலத்தில் அதைச் சொல்ல எட்டு ஒன்பது சொல் வேண்டும். ஆகவே ஆங்கிலச் சொற்கணக்கோடு தமிழ்ச் சொற்கணக்கை ஒப்பிட்டு, ‘எனக்குத் தமிழ் வேகம் பாதிதான்’ என்று கவலைப்படாதீர்கள். தமிழில் நிமிடத்துக்கு எத்தனை வரி என்று, அதே அளவு எழுத்துள்ள அதே புத்தகத்தில் மட்டும் ஒப்பிடுங்கள்.

இனி பயிற்சி. இரண்டாம் மொழியில் படிப்பவர்களுக்கு நன்றாக வேலை செய்யும் முறை ஒன்று உண்டு. நியூசிலாந்தின் சொல்வள ஆய்வாளர் பால் நேஷன் வலியுறுத்தி வருவது இது. சுமார் 550 சொல் உள்ள எளிய கட்டுரை ஒன்று, அதன் முடிவில் பத்துக் கேள்வி. படித்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, கட்டுரையைத் திரும்பிப் பார்க்காமல் கேள்விக்குப் பதில் எழுத வேண்டும். ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் போதும். வாரத்துக்கு மூன்று தடவை, மொத்தம் இருபது கட்டுரை. பத்துக்கு 8, 9 வந்தால் அடுத்த முறை சற்று விரைவாகப் படியுங்கள். 6 வந்தால் வேகத்தைக் குறையுங்கள். 7 என்றால் அப்படியே தொடருங்கள். இதில் அதிகம் பேர் செய்யும் தவறு, கடினமான கட்டுரையை எடுப்பது. நூறு சொல்லில் இரண்டுக்கு மேல் தெரியாத சொல் இருந்தால் அது சொல்வளப் பயிற்சிக்கு உரியது, வேகப் பயிற்சிக்கு உதவாது.

மெட்ரோவுக்கு இன்னும் நல்ல வழி ஒன்று: இரண்டு வாரத்துக்கு ஒரே பொருளைப் பற்றி மட்டும் படியுங்கள். பெங்களூரின் ஏரிகளோ, மின்கல வாகனமோ, எதுவானாலும் சரி. முதல் கட்டுரையில் தடுக்கிய சொற்கள் நான்காவது கட்டுரையில் பழகிய முகங்களாகிவிடும். வேகம் கண்ணிலிருந்து வருவதைவிட, ஏற்கெனவே தெரிந்த விஷயத்திலிருந்துதான் அதிகம் வருகிறது.

என் மகன் ஐந்தாம் வகுப்பு. பள்ளியில் ஆங்கிலமும் கன்னடமும். இரண்டையும் சரளமாகப் படிக்கிறான். வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம், ஆனால் தமிழ்ப் புத்தகம் கொடுத்தால் எழுத்தெழுத்தாகக் கூட்டித்தான் வாசிக்கிறான். முடிக்கும்போது என்ன படித்தான் என்று அவனுக்கே தெரிவதில்லை. இனிமேல் வேகம் வருமா?
– ஒரு தாய், அல்சூர்

கட்டாயம் வரும். கன்னடம் சரளமாகப் படிக்கும் பிள்ளைக்கு வாசிப்புத் திறன் இருக்கிறது. தமிழ் எழுத்துமுறையின் சில வழக்கங்கள்தான் பழகவில்லை. பெங்களூரில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது மிகவும் பொதுவான சிக்கல், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

முதல் தடை ஒலி. கன்னடத்தில் க-வின் நான்கு ஒலிகளுக்கும் நான்கு எழுத்து. எழுத்தைப் பார்த்தால் ஒலி தெரியும். தமிழில் ‘கல்’, ‘பங்கு’, ‘பகல்’ மூன்றிலும் ஒரே க, ஆனால் ஒலி மூன்று. பிள்ளை ‘பகல்’ என்பதைக் கன்னடப் பழக்கத்தில் அழுத்தி ‘பக்கல்’ மாதிரி வாசிப்பான், அப்படி ஒரு சொல்லை அவன் கேட்டதே இல்லை, உடனே நின்றுவிடுவான். அவனுக்கு மூன்றே விதி சொல்லிக் கொடுங்கள். சொல்லின் தொடக்கத்திலும் இரட்டித்து வரும்போதும் வன்மை: கல், பக்கம். ங், ஞ், ண், ந், ம் ஆகியவற்றுக்குப் பின் வந்தால் அதிர்வு: பங்கு, பஞ்சு, வண்டி, பந்து, கம்பு. இரண்டு உயிரொலிக்கு நடுவில் தனியாக வந்தால் மென்மை: பகல், அது. வடசொற்களும் ஆங்கிலச் சொற்களும் இதை மீறும். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது தடை, கொம்பு. கன்னடத்தில் உயிர்க்குறி எழுத்தோடு ஒட்டி மேலேயோ பக்கத்திலோ கீழேயோ வரும். தமிழில் கெ, கே, கை ஆகியவற்றில் குறி முன்னால் நிற்கிறது. கொ, கோ, கௌ என்றால் இரண்டு பக்கமும் நிற்கிறது. கண் கொம்பைப் பார்த்ததும் வாய் திறக்கக் கூடாது, அடுத்த எழுத்தையும் சேர்த்துப் பார்த்தபின்தான் ஒலிக்க வேண்டும். கெ–கொ, கே–கோ, பெ–பொ, மே–மோ என்று இணை இணையாக அட்டையில் எழுதி, தினமும் இரண்டு நிமிடம் கலைத்துக் காட்டினால் இரண்டு மூன்று வாரத்தில் சரியாகும். கால் குறியையும் ர எழுத்தையும் குழப்புவது, ன–ண மாறுவது இவற்றுக்கும் அதே அட்டைதான்.

மூன்றாவதுதான் வேகத்தை உண்மையில் கொல்வது: நீளச் சொல். ‘போய்க்கொண்டிருந்தவர்களிடம்’ என்று பார்த்ததும் பெரியவர்கள் போய் – கொண்டு – இருந்தவர் – களிடம் என்று துண்டு துண்டாகப் பிடிக்கிறோம். பிள்ளை பதினைந்து எழுத்தாகப் பார்க்கிறான், பத்தாவது எழுத்துக்கு வரும்போது முதல் எழுத்து மறந்துபோகிறது. சொல்லின் வால்களைத் தனியாகப் பழக்குங்கள்: -இல், -உக்கு, -இடம், -இலிருந்து, -ஆமல், -கொண்டிருந்த, -விட்டது, -வேண்டும், -முடியாது, -களுக்கு. இந்த மாதிரி இருபது வால்கள் பார்த்ததும் தெரிந்தால், நீளச் சொற்களில் பெரும்பாலானவை பாதியாகச் சுருங்கிவிடும். புத்தகத்தில் வரும் நீளச் சொல்லைப் பென்சிலால் மெல்லிய கோடு போட்டுப் பிரித்துக் காட்டுங்கள். ஒரு பக்கத்துக்கு ஐந்து சொல்லுக்குமேல் வேண்டாம்.

இனி தினப்படி வேலை, 15 நிமிடம். அவன் வகுப்புக்கு இரண்டு வகுப்புக் கீழான கதையிலிருந்து 60, 70 சொல் உள்ள ஒரு பகுதி போதும். முதலில் நீங்கள், விரலைச் சொல்லுக்குக் கீழே நகர்த்தியபடி, இயல்பான பேச்சு வேகத்தில் வாசியுங்கள். அடுத்து இருவரும் சேர்ந்து. மூன்றாவது தடவை அவன் தனியாக. தடுக்கினால் மனதுக்குள் நான்கு எண்ணுங்கள், அதற்குள் வரவில்லையென்றால் முழுச் சொல்லையும் நீங்களே சொல்லிவிடுங்கள். ‘எழுத்துக் கூட்டு’ என்று நிறுத்தி வைத்தால் வாக்கியத்தின் இழை அறுந்துவிடும். முடித்ததும் ‘என்ன நடந்தது?’ என்று கேட்டு அவன் சொல்லில் கேளுங்கள். அடுத்த மூன்று நாளும் அதே பகுதிதான். சலிக்கும் என்று இரண்டாம் நாளே புதிய கதைக்குப் போய்விடுகிறார்கள், அதுதான் தவறு. நான்காம் நாள் அவன் குரல் தானாகப் பேச்சுக்குரலாக மாறும், அப்போதுதான் அந்தப் பகுதி முடிந்தது. வாரத்தில் ஒரு நாள், அவனுக்குத் தெரியாமல் ஒரு நிமிடம் பார்த்து, சரியாக வாசித்த சொற்களை நோட்டில் குறியுங்கள். நூறு சொல்லுக்குப் பத்துக்கு மேல் தவறினால் பகுதி கடினம், இன்னும் எளியதை எடுங்கள்.

இன்னொன்று. அவன் வீட்டில் கேட்பது ‘வந்துட்டு இருக்கான்’. புத்தகத்தில் இருப்பது ‘வந்துகொண்டிருக்கிறான்’. காதில் விழாத மொழியைக் கண்ணால் வேகமாகப் படிக்க முடியாது. இரவு படுக்கும்முன் பத்து நிமிடம் எழுத்துத் தமிழில் உள்ள கதையை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள், அவன் கேட்டால் போதும். நீங்கள் அல்சூரிலேயே இருக்கிறீர்கள், பெங்களூர்த் தமிழ்ச் சங்க நூலகம் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே பிள்ளையை அழைத்துப் போய் அவனே தேர்ந்தெடுக்கட்டும்.

கன்னடமும் ஆங்கிலமும்கூட இதேபோல் தடுமாறி, மூன்று நான்கு மாதம் முறையாகப் பழக்கியும் நகரவில்லை என்றால் மட்டுமே வேறு கோணத்தில் பார்க்க வேண்டும். முதலில் கண், காது பரிசோதனை. பிறகு கற்றல் குறைபாட்டு மதிப்பீடு. பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் அதற்கு வசதி உண்டு. உங்கள் கடிதத்தைப் பார்த்தால் உங்கள் மகனுக்கு அது தேவைப்படும் என்று தோன்றவில்லை.

விஜயநகரில் தங்கி யு.பி.எஸ்.சி. முதல்நிலைத் தேர்வுக்குப் படிக்கிறேன். பள்ளி முழுக்கத் தமிழ்வழி. சிசாட் என்னும் திறனறித் தாளில் ஆங்கிலப் பத்திகளைப் படிப்பதிலேயே நேரம் போய்விடுகிறது. வேக வாசிப்பு வகுப்பில் சேரலாமா? கேள்வியை முதலில் படிக்கலாமா, பத்தியையா?
– தேர்வர், விஜயநகர்

பணத்தைச் செலவழிக்குமுன் ஒரு கணக்குப் போடுவோம். சிசாட்டில் 80 கேள்வி, 120 நிமிடம். கேள்விக்கு 90 நொடி. பத்திகள் பெரும்பாலும் சிறியவை. 120 சொல் பத்தியை நிமிடத்துக்கு 150 சொல் என்ற மெதுவான வேகத்தில் படித்தாலும் 48 நொடிதான். உங்கள் வேகத்தை 200-க்கு உயர்த்தினால் 36 நொடி. மிச்சமாவது 12 நொடி. ஆனால் நான்கு விடைகளுக்கு நடுவே அல்லாடுவதில் இரண்டு நிமிடம்கூடப் போய்விடும். நேரம் கசிவது அங்கேதான். அடுத்த மாதிரித் தேர்வில் பத்தி படித்து முடித்த நொடியையும் விடை குறித்த நொடியையும் தனித்தனியாக எழுதிப் பாருங்கள்.

தாள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே வருவதால் உங்கள் நிலை கடினம் என்பது உண்மை. ஆனால் இது தகுதித் தாள், 33 சதவீதம், அதாவது 200-க்கு 66 மதிப்பெண் போதும். கேள்விக்கு 2.5 மதிப்பெண் என்பதால் தவறே இல்லாமல் 27 சரியாக இருந்தால் 67.5 வந்துவிடும். ஒவ்வொரு தவறுக்கும் 0.83 போகும். எல்லாப் பத்தியையும் தொட வேண்டிய கட்டாயமே இல்லை. எளிய பத்திகளை நிதானமாக, சரியாகச் செய்வதே உங்களுக்கு லாபம்.

கேள்வியின் தலைப்பு வரியை மட்டும் முதலில் படியுங்கள், நான்கு விடைகளையும் படிக்க வேண்டாம். கேட்பது மையக்கருத்தா, பத்தியிலிருந்து பெறும் முடிவா, ஆசிரியர் சொல்லாமல் எடுத்துக்கொண்ட அனுமானமா என்பது அந்த ஒரு வரியில் தெரிந்துவிடும். பிறகு பத்தியை ஒரே தடவை, தாண்டாமல் படியுங்கள். ‘பட்’, ‘ஹவ்எவர்’, ‘ஆல்தோ’, ‘அன்லெஸ்’ வரும் இடத்தில் பேனா முனையால் புள்ளி வையுங்கள், ஆசிரியரின் நிலைப்பாடு பெரும்பாலும் அதன் பின்னால்தான் இருக்கும். படித்ததும், விடைகளைப் பார்க்குமுன், பத்தி சொல்வது என்ன என்று தமிழில் ஒரே வாக்கியமாக மனதுக்குள் சொல்லுங்கள். ஐந்து நொடி வேலை. இதைச் செய்யாதவர்கள்தான் விடைகளில் எதைப் பார்த்தாலும் சரியாகத் தோன்றுகிறது என்கிறார்கள்.

தவறு எங்கே நடக்கிறது என்றால், உலகத்தில் உண்மையாக இருந்து பத்தியில் இல்லாத விடையைக் குறிப்பதில். பொது அறிவு நன்றாகப் படித்தவர்களே இதில் அதிகம் விழுவார்கள். ‘ஒன்லி’, ‘ஆல்வேஸ்’, ‘ஆல்’ என்று அறுதியிட்டுச் சொல்லும் விடையைப் பத்தியும் அதே அழுத்தத்தில் சொல்கிறதா என்று மட்டும் பாருங்கள், அந்தச் சொல் இருக்கிறது என்பதற்காகவே கண்ணை மூடிக்கொண்டு தள்ளிவிடாதீர்கள்.

பழைய வினாத்தாள்கள் ஆணையத்தின் இணையதளத்திலேயே கிடைக்கும். தினமும் ஆறு பத்தி, முதல் இரண்டு வாரம் கடிகாரம் இல்லாமல். தவறிய ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதிப் பக்கத்தில் காரணம் போடுங்கள்: சொல் தெரியவில்லை, வாக்கியம் சிக்கியது, பத்தியில் இல்லாததைச் சேர்த்தேன், அவசரம். நாற்பது தவறு சேர்ந்ததும் எந்தக் காரணம் அதிகம் என்று எண்ணுங்கள். ‘சொல் தெரியவில்லை’தான் முதலிடம் என்றால் நாளிதழின் தலையங்கப் பக்கமே மருந்து, வேக வகுப்பு அல்ல.

புத்தகத்தில் முக்கியமான வரிகளை மஞ்சள் ஹைலைட்டரால் குறித்து, தேர்வுக்குமுன் இரண்டு மூன்று தடவை படிக்கிறேன். படிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கிறது, எழுதும்போது வருவதில்லை.
– கல்லூரி மாணவி, ஜெயநகர்

தெரிந்த மாதிரி இருப்பதுதான் ஏமாற்றுகிறது. மறுபடி பார்த்ததும் பழகியதாகத் தோன்றுவது வேறு, பார்க்காமல் எடுத்துச் சொல்வது வேறு. தேர்வு கேட்பது இரண்டாவதை. 2006-ல் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் மாணவர்களுக்கு ஒரு சிறு பாடம் கொடுத்தார்கள். ஒரு பிரிவு நான்கு தடவை படித்தது. இன்னொரு பிரிவு ஒரு தடவை படித்துவிட்டு, மூன்று தடவை பார்க்காமல் எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நான்கு தடவை படித்தவர்கள் முன்னால். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அவர்களுக்கு நினைவில் இருந்தது 40 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 61.

இரண்டு பக்கம் படித்ததும் மூடிவிட்டு, வெள்ளைத் தாளில் நினைவுக்கு வருவதை எழுதுங்கள். பிறகு திறந்து, விட்டதை வேறு நிற மையில் சேருங்கள். மறுநாள் அந்த வேறு நிறத்தில் உள்ளதை மட்டும் பார்க்காமல் சொல்லிப் பாருங்கள், ஒரு வாரம் கழித்து மறுபடியும். ஹைலைட்டர் வேண்டுமென்றால், பத்தியை முழுக்கப் படித்த பிறகு, பத்திக்கு ஒரு வரி மட்டும்.

அலுவலகத்தில் தினமும் நாற்பது, ஐம்பது பக்க அறிக்கை வருகிறது. முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படிக்க நேரமில்லை.
– வங்கி அதிகாரி, சிவாஜிநகர்

கடைசிவரை படிக்க வேண்டாம். ஆனால் எதைப் படிக்காமல் விடுகிறோம் என்று தெரிந்து விட வேண்டும். முதல் ஐந்து நிமிடம்: சுருக்கம், உள்தலைப்புகள், அட்டவணைகளின் தலைப்பு, முடிவுரை. பிறகு ஒரு தாளில் மூன்று கேள்வி எழுதுங்கள். இந்த அறிக்கையை வைத்து என்ன முடிவெடுக்கப் போகிறேன், அதற்கு எந்த எண் வேண்டும், எது தவறாக இருக்க வாய்ப்பு? இந்த மூன்றுக்கும் விடை இருக்கும் பகுதியை மட்டும் வேகத்தை நன்றாகக் குறைத்து முழுக்கப் படியுங்கள். மற்றவற்றில் ஒவ்வொரு பத்தியின் முதல் வரி. உளவியலாளர் பிரான்சிஸ் ராபின்சன் 1946-ல் மாணவர்களுக்கு வகுத்த ‘நோட்டமிடு, கேள், படி, சொல், மறுபார்வை’ முறையின் சுருக்கம்தான் இது.

தமிழிலோ கன்னடத்திலோ வரும் அரசுச் சுற்றறிக்கைக்கு ஒரு தனி உத்தி. வினை கடைசியில் வரும் மொழிகள் இவை. ஏழெட்டு வரி நீளும் வாக்கியத்தின் கடைசிச் சொல்லை முதலில் பாருங்கள்: ‘ஆணையிடப்படுகிறது’, ‘நிராகரிக்கப்படுகிறது’, ‘கோரப்படுகிறது’. என்ன நடந்தது என்று தெரிந்தபின் மேலே போய் யாருக்கு, எந்தத் தேதியிலிருந்து, எந்த நிபந்தனையில் என்று தேடினால் ஒரே வாசிப்பில் முடியும்.

ஒப்பந்தம், கடன் பத்திரம், மருந்துச் சீட்டு இவற்றுக்கு மேலே சொன்ன எதையும் செய்யாதீர்கள். ஒவ்வொரு சொல்லும் படிக்க வேண்டியவை அவை.

போனில் படிப்பதா, காகிதத்திலா?
– வாசகர், பனசங்கரி

கதை என்றால் எதில் படித்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. பாடமும் கட்டுரையும் என்றால், குறிப்பாக நேர நெருக்கடியில், காகிதத்தில் படித்தவர்களுக்குச் சற்றுக் கூடுதலாகப் புரிந்திருக்கிறது. 2000 முதல் 2017 வரை வந்த 54 ஆய்வுகளைத் தொகுத்து 2018-ல் வெளியான ஆய்வின் முடிவு இது. போனில்தான் படிக்க முடியும் என்றால் அறிவிப்புகளை அணைத்து, எழுத்தைப் பெரிதாக்கி, உருட்டிக்கொண்டே போகாமல் பக்கம் பக்கமாகத் திருப்பும் முறையில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த விஷயம் பக்கத்தின் எந்த மூலையில் இருந்தது என்ற நினைவு நிற்கும், திரும்பிப் பார்க்கவும் எளிது.

பொதுத்துறை நிறுவனத்தில் இருந்து ஓய்வு பெற்று ஏழு வருடம். வாரத்துக்கு ஒரு நாவல் முடித்தவன், இப்போது பத்துப் பக்கத்தில் சோர்ந்துவிடுகிறேன். நினைவு மங்குகிறதோ என்று பயம்.
– வாசகர், சி.வி.ராமன் நகர்

பயப்படுவதற்குமுன் வெளிச்சத்தையும் கண்ணாடியையும் பாருங்கள், ஐயா. வயதாக ஆகக் கண்ணின் பாவை சிறுக்கிறது, லென்ஸ் மஞ்சளடிக்கிறது, அதனால் உள்ளே போகும் வெளிச்சம் குறைகிறது. முன்பு போதுமாக இருந்த கூடத்து விளக்கு இப்போது போதாது. தோளுக்குப் பின்னாலிருந்து பக்கத்தின்மேல் நேராக விழும்படி ஒரு மேசை விளக்கு வையுங்கள். பளபளப்புத் தாள் என்றால் கோணத்தை மாற்றுங்கள்.

தூரத்துக்கும் வாசிப்புக்கும் ஒரே லென்ஸாக வரும் ப்ரொக்ரெஸிவ் கண்ணாடி போட்டிருந்தால், படிக்கும் பகுதி கீழே குறுகலாக இருக்கும். ஒரு வரியைப் படிக்கக் கழுத்தை ஆட்ட வேண்டியிருக்கிறதா என்று கவனியுங்கள். அப்படியென்றால் வாசிப்புக்கென்றே தனிக் கண்ணாடி ஒன்று கேட்டு வாங்குங்கள். பெரிய லாபம் அதில்தான். எழுத்தைச் சுற்றி ஒளிவட்டம், ஒரு கண்ணில் மட்டும் மங்கல், வரி வளைந்து தெரிதல் இவற்றில் எது இருந்தாலும் கண் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். வரி வளைந்தால் அந்த வாரமே போக வேண்டும்.

இதெல்லாம் சரியான பிறகு, பத்துப் பக்கத்துக்கு ஒரு தடவை புத்தகத்தை மூடி, இரண்டு நிமிடம் தூரத்தில் உள்ள மரத்தைப் பாருங்கள். பாத்திரங்களின் பெயரும் உறவும் ஒரு அட்டையில் எழுதிப் பக்க அடையாளமாக வையுங்கள். நாவலை நடுவில் விட்டு மறுநாள் தொடரும்போது, முந்தைய நாள் படித்ததன் கடைசி இரண்டு பக்கத்தைத் திரும்பப் படித்துவிட்டு மேலே போங்கள்.